அவசரத்தில் வேகாத அடுக்குகள்

கோவாவிலிருந்து திரும்பும் பயணிகளின் கையில் பேபிங்கா பெட்டி. பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ருசிக்கு?

பழைய தபோலிம் விமான நிலையமாகட்டும், 2023 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய மோபா விமான நிலையமாகட்டும், புறப்பாட்டுக் கூடத்தில் அநேகமாக ஒரே காட்சிதான். கடற்கரை மணல் செருப்பில் ஒட்டியிருக்க, விமானம் ஏற அழைப்பு வருமுன் கிடைக்கும் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் பலருக்கும் ஊரில் காத்திருக்கும் உறவினர்களும் அலுவலக நண்பர்களும் நினைவுக்கு வருகிறார்கள். வெறுங்கையோடு போகமுடியாது. அலமாரியில் முந்திரிப் பொட்டலங்கள், ஃபெனி புட்டிகள். அவற்றுக்கு நடுவே ஓர் அட்டைப் பெட்டி. உள்ளே பழுப்பும் மஞ்சளுமாக வரி வரியாய் அடுக்கிய ஓர் இனிப்பு. கால் கிலோவோ அரை கிலோவோ, பணம் கொடுத்து வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

அதன் பெயர் பேபிங்கா. கொங்கணி பேசுவோர் செல்லமாக 'பிபிக்' என்கிறார்கள். கோவா இனிப்புகளின் அரசி என்பது சுற்றுலாக் கையேடுகள் சூட்டிய பட்டம். வாங்க ஐந்து நிமிடம்கூட ஆகாத இந்தப் பண்டத்தைச் செய்ய ஏறக்குறைய அரை நாள் வேண்டும். அந்த அரை நாளை எப்படிச் சுருக்குவது என்பதுதான் இன்று இந்த வியாபாரத்தின் பெரிய கேள்வி. சுருக்கினால் அது பேபிங்காதானா என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

மேலே தணல், உள்ளே மாவு

பேபிங்காவுக்கு வேண்டிய பொருள்கள் எதுவும் அபூர்வமானவை அல்ல. முட்டையின் மஞ்சள் கரு, கெட்டியான தேங்காய்ப் பால், சர்க்கரை, மைதா, நெய், மணத்துக்குக் கொஞ்சம் ஜாதிக்காய். வீட்டளவில் செய்ய ஒரு டஜன் மஞ்சள் கரு போதும். பெரிய விசேஷங்களுக்கு அது பல மடங்காகும். இரண்டு தேங்காயைத் துருவி எடுத்த முதல் பாலில் சர்க்கரையைக் கரைத்து, அடித்த மஞ்சள் கருவையும் மைதாவையும் கட்டி விழாமல் கலந்தால் தோசை மாவை விடத் தளர்ந்த ஒரு கரைசல் கிடைக்கும். இதுவரை எளிது. சிரமம் எல்லாம் இனிமேல்தான்.

சட்டியில் ஒரு கரண்டி நெய் விட்டுச் சூடாக்கி, அதன்மேல் ஒரு கரண்டி மாவைப் பரப்புகிறார்கள். அது வேகவேண்டியது கீழிருந்து வரும் சூட்டில் அல்ல, மேலிருந்து வரும் சூட்டில். பழைய முறையில் மண்சட்டியை மூடி, மூடியின்மேல் கனன்று எரியும் தேங்காய் மட்டைத் தணலை அள்ளிப் போடுவார்கள். கல்யாண பிரியாணிக்குத் தம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மேற்பரப்பு பொன்னிறம் தாண்டிப் பழுப்பேறியதும் மூடியை இறக்கி, மறுபடி ஒரு கரண்டி நெய், அதன்மேல் மறுபடி ஒரு கரண்டி மாவு, மறுபடி மூடி, மறுபடி தணல். ஒன்று வெந்த பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டு ஊற்றினால் இரண்டு அடுக்கும் ஒன்றாகி வெறும் கேக் ஆகிவிடும். ஒரு நிமிடம் கவனம் பிசகினால் கருகி, அந்தக் கசப்பு கடைசி அடுக்கு வரை ஏறும்.

ஓர் அடுக்குக்குச் சராசரியாகப் பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஏழு அடுக்குக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். மரபு சொல்லும் உச்ச எண்ணிக்கையான பதினாறுக்கு நான்கு மணி நேரம். தேங்காய் துருவிப் பால் பிழிவது, மாவு கலப்பது, அடுப்பு மூட்டுவது, வெந்த பிறகு ஆறவைத்துக் கவிழ்த்து எடுப்பது எல்லாம் இதில் சேராது. இத்தனை நேரமும் ஒருவர் அடுப்பை விட்டு நகரமுடியாது. சட்டியை ஏற்றிவிட்டு வேறு வேலை பார்க்க இது சாம்பார் அல்ல.

பலன் என்ன? ஒவ்வோர் அடுக்கின் மேல்தோலும் சர்க்கரை பழுப்பேறிய லேசான கருகல் மணத்தோடு நிற்கிறது. அதற்கு அடியில் தேங்காய்ப் பாலின் மிருது. மெல்லிய துண்டாக வெட்டி வாயில் போட்டால் அடுக்குகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து கரையவேண்டும். கீழக்கரை, காயல்பட்டினம் வீடுகளில் வட்டலப்பம் சாப்பிட்டவர்களுக்கு இந்த ருசி முற்றிலும் அந்நியமாக இருக்காது. முட்டையும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த அதே குடும்பம். பேபிங்காவில் கூடுதலாகச் சேர்வது தீ.

கன்னியர் மடத்துக் கதை

பேபிங்காவுக்குக் கோவாவில் ஒரு பிறப்புக் கதை உண்டு. பழைய கோவாவில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட சாந்தா மோனிக்கா கன்னியர் மடம் இன்றும் நிற்கிறது. அங்கே துறவியரின் அங்கிகளுக்குக் கஞ்சி போட முட்டையின் வெள்ளைக் கருவைப் பயன்படுத்தினார்களாம். மஞ்சள் கரு மீந்தது. அதை வீணாக்க மனமில்லாத பெபியானா என்ற கன்னிகாஸ்திரி தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் சேர்த்து ஏழு அடுக்கு இனிப்பொன்றைச் செய்தார். ஏழு என்பது லிஸ்பன் நகரின் ஏழு குன்றுகளுக்காக. சாப்பிட்டுப் பார்த்த பாதிரிமார்கள் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சிறியதாக இருக்கிறது என்றார்களாம். அடுக்குகள் பதினாறாக உயர்ந்தன.

இது செவிவழிக் கதை. ஆனால் அதன் பின்னணி கற்பனை அல்ல. போர்ச்சுகலில் மடாலய இனிப்புகள் என்றே ஒரு பெரிய மரபு இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றின் உயிர் மஞ்சள் கருவும் சர்க்கரையும்தான். வெள்ளைக் கருவுக்கு வேறு வேலை இருந்ததால் மஞ்சள் கரு மீந்தது என்ற விளக்கம் அங்கும் சொல்லப்படுகிறது. 1510இல் கோவாவைப் பிடித்த போர்ச்சுகீசியர் 1961 டிசம்பர் வரை நான்கரை நூற்றாண்டு அங்கே இருந்தார்கள். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி என்று அவர்களுடைய சொற்கள் தமிழ் வீடுகளுக்குள்ளேயே புகுந்துவிட்டிருக்கும்போது கோவா அடுக்களைக்குள் அவர்களுடைய மஞ்சள் கரு புகுந்ததில் வியப்பில்லை. அடுக்களை அதை அப்படியே ஏற்கவில்லை. பசும்பாலுக்குப் பதில் தேங்காய்ப் பால் வந்தது. தேங்காய் மட்டைத் தணல் வந்தது. இந்த மாற்றத்தில்தான் பேபிங்கா கோவாவுக்குச் சொந்தமாகிறது.

இதன் உறவினர்கள் கடல் வழியெங்கும் இருக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் 'பிபிங்கா' என்ற அரிசிப் பண்டம் கிறிஸ்துமஸ் காலத்தில் விற்கிறது. அதற்கும் மேலேயும் கீழேயும் தணல்தான். இலங்கையில் தேங்காயும் வெல்லப் பாகும் சேர்த்த 'பிபிக்கன்' இருக்கிறது. இந்தோனேசியாவில் அடுக்கடுக்காகச் சுடும் 'லாபிஸ் லெகித்' டச்சுக்காரர் காலத்துப் பண்டம். போர்ச்சுகீசியரின் இன்னொரு குடியேற்றமான மக்காவில் பால் புட்டு ஒன்றுக்கு இதே பெயர். 2024 செப்டம்பரில் சீனாவின் ஷாங்காய் நகரைத் தாக்கிய சூறாவளியின் பெயர் 'பெபின்கா'. சூறாவளிப் பெயர்ப் பட்டியலுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது மக்காவ்.

வீட்டை விட்டுக் கிளம்பிய இனிப்பு

பேபிங்கா கடைச் சரக்காக இருந்த பண்டம் அல்ல. கிறிஸ்துமஸ், கல்யாணம், ஞானஸ்நானம் என்று நாள் கிழமைகளில் வீட்டில் செய்வது. கிறிஸ்துமஸ் சமயத்தில் கோவாவின் கத்தோலிக்க வீடுகளிலிருந்து 'கொன்சுவாதா' என்ற இனிப்புத் தட்டு அக்கம் பக்கத்து வீடுகளுக்குப் போகும். மதம் அதற்குத் தடையில்லை. நம் சோமாசியின் சாயலில் நெவ்ரி, தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர் வீடுகளின் கலகலாவைப் போன்ற குல்குல், கீழக்கரையின் தொதலுக்கு உடன்பிறப்பான தோதோல், இவற்றோடு ஒரு துண்டு பேபிங்கா. தட்டில் அதன் பங்கு சிறியதாகவே இருக்கும். அதற்குப் பட்ட பாடு எல்லா வீட்டுக்கும் தெரியும் என்பதால் யாரும் குறை சொல்வதில்லை.

முதலில் அதை வெளியூருக்குக் கொண்டுபோனவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்ல, கோவாக்காரர்களே. பிழைப்புக்காகப் பம்பாய்க்கும், கப்பல் வேலைக்கும், பின்னர் வளைகுடா நாடுகளுக்கும், போர்ச்சுகல், இங்கிலாந்துக்கும் போனவர்களின் பெட்டியில் ஊறுகாய், மசாலா, காரச் சாசேஜ் இவற்றோடு பேபிங்காவும் பயணம் செய்தது. நெய்யும் சர்க்கரையும் தாராளமாகச் சேர்ந்திருப்பதால் சில நாள் பயணத்தைத் தாங்கும். பால் இனிப்புகளுக்கு இல்லாத இந்தக் குணம்தான் அதைப் பயணப் பண்டமாக்கியது.

பிறகு வெளியார் வந்தார்கள். 1980களில் மேற்கத்திய நாடுகளிலிருந்து சுற்றுலாப் பயணிகளுக்கென்றே வாடகை விமானங்கள் இறங்கத் தொடங்கின. 1998இல் கொங்கண் ரயில் பாதை முழுமையாகத் திறந்ததும் மும்பை, மங்களூர், கேரளத் திசைகளிலிருந்து நடுத்தர வர்க்கக் குடும்பங்கள் மட்காவ் நிலையத்தில் வந்து இறங்கின. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கோவாவின் மொத்த ஜனத்தொகை பதினைந்து லட்சத்துக்கும் குறைவு. மாநிலச் சுற்றுலாத் துறையின் கணக்குப்படி 2024ஆம் ஆண்டு மட்டும் அங்கே வந்துபோனவர்கள் ஒரு கோடிக்கும் மேல். இவர்களில் பத்தில் ஒருவர் ஒரு பெட்டி வாங்கினாலும் எத்தனை லட்சம் பெட்டி வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிறிஸ்துமஸுக்கு ஒரு முறை செய்த பண்டத்துக்கு ஆண்டின் 365 நாளும் கிராக்கி.

இதில் நல்லதும் நடந்தது. வீட்டுக்குள்ளேயே இருந்த ஒரு கைவேலைக்கு விலை கிடைத்தது. பேபிங்கா செய்யும் கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகள். அம்மாவிடமும் மாமியாரிடமும் கற்றதைக் கொண்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு வீட்டிலேயே செய்து தருபவர்கள் கோவா முழுவதும் இருக்கிறார்கள். மாப்புசாவின் வெள்ளிக்கிழமைச் சந்தையில் சாசேஜ் மாலைகளுக்கும் மிளகாய்க் குவியல்களுக்கும் பக்கத்தில் வீட்டு இனிப்புகள் விற்பது சுற்றுலாப் பயணிகளுக்கே ஒரு வேடிக்கை. பலருக்கு இது குடும்பத்துக்கு வரும் கூடுதல் வருமானம். சிலருக்கு அதுவே வருமானம்.

கணக்கு உதைக்கும் இடம்

ஆனால் லட்சக்கணக்கான பெட்டிகளை மண்சட்டியும் மட்டைத் தணலும் தரமுடியாது. பேக்கரிகளில் மின்சார அடுப்பு வந்தது. மேற்சூட்டில் ஒரே நேரத்தில் பல தட்டுகளை வைத்துச் சுடலாம். இதைப் பாவம் என்று சொல்வதற்கில்லை. நகரத்து வீடுகளிலேயே இன்று தணல் கிடையாது. பெரும்பாலோர் சிறிய மின் அடுப்பில்தான் செய்கிறார்கள். ஓர் அடுக்கு வெந்த பின் அடுத்தது என்ற விதியைக் காப்பாற்றும்வரை பேபிங்கா பேபிங்காவாகவே இருக்கிறது. புகையில் நின்று கண் எரிந்த பெண்களுக்கு மின் அடுப்பு ஒரு விடுதலையும்கூட.

சிக்கல் அதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. விலைப் போட்டியில் முதலில் அடிபடுவது நெய். அதன் இடத்தில் மார்கரினோ வனஸ்பதியோ வருகிறது. அடுத்தது மஞ்சள் கரு. அதைக் குறைத்து மைதாவைக் கூட்டினால் எடை நிற்கும், செலவு குறையும். புதிதாகப் பிழிந்த பாலுக்குப் பதில் டப்பாப் பாலோ தேங்காய்ப் பால் பொடியோ சேர்க்கலாம். 2025இல் நாடெங்கும் தேங்காய் விலை ஏறியபோது இந்த ஆசை இன்னும் கூடியிருந்தால் வியப்பில்லை. கடைசியாக நேரம். அடுக்கைத் தடிமனாக ஊற்றினால் எண்ணிக்கை குறையும். பழுப்பேறும்வரை காத்திருப்பதற்குப் பதில் மாவில் கருகிய சர்க்கரைப் பாகைக் கலந்தால், நிறம் நிமிடத்தில் வந்துவிடும். மாவின் ஒரு பகுதிக்கு அப்படி நிறமேற்றி, கருப்பும் வெளுப்புமாக மாற்றி மாற்றி ஊற்றும் வழக்கம் வீடுகளிலும் உண்டு. அங்கே அது அழகுக்கு. காத்திருப்பைத் தவிர்க்கச் செய்தால் அது வேறு.

இத்தனையும் செய்த பிறகும் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் இருக்காது. வரி வரியாக அடுக்கு தெரியும், பெட்டியில் அதே பெயர் இருக்கும். அருகருகே வைத்தால் விலை குறைந்ததுதான் முதலில் போகும். பயணி ஆண்டுக்கு ஒரு முறை வருபவர், பலர் வாழ்நாளில் ஒரு முறை. ஊருக்குப் போய்த் தின்று பார்த்து ஏமாந்தாலும் திரும்பி வந்து சண்டை போடப்போவதில்லை. 'இதுதானா பேபிங்கா, திகட்டுகிறதே' என்று பண்டத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார். நஷ்டம் யாருக்கு? அரை நாள் அடுப்படியில் நின்று, நெய் ஊற்றிச் செய்து, அதற்கேற்ற விலை கேட்கும் பெண்ணுக்கு. உள்ளூர்க்காரர்கள் அவரைத் தேடி வருவார்கள். பயணிகளுக்கு அவர் இருப்பதே தெரியாது.

பெயருக்குக் காவல்

இந்த இடத்தில்தான் புவிசார் குறியீடு நுழைகிறது. 1999இல் நிறைவேறி 2003இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி இதற்கான பதிவகம் சென்னையில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் கோவில்பட்டி கடலை மிட்டாயும் திருப்பதி லட்டும் பதிவான அதே அலுவலகத்தில் 2023இல் பேபிங்காவும் பதிவானது. விண்ணப்பித்தது அனைத்து கோவா பேக்கரிக்காரர்கள் மற்றும் இனிப்புத் தயாரிப்பாளர் சங்கம். கோவாவுக்கு இது புதிதல்ல. ஃபெனி 2009இலேயே குறியீடு பெற்றுவிட்டது.

குறியீட்டால் கிடைப்பது என்ன? வேறு மாநிலத்தில் செய்ததைக் கோவா பேபிங்கா என்று விற்றால் வழக்குப் போட முடியும். பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம். கோவாவுக்குள் இருக்கும் தயாரிப்பாளர்கள் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனித்தனியே பதிவு செய்துகொண்டால் குறியீட்டு முத்திரையைப் பெட்டியில் போடலாம். செய்முறையும் பதிவு ஆவணத்தின் ஒரு பகுதி என்பதால், எது பேபிங்கா என்பதற்கு முதன்முறையாக ஓர் எழுத்துச் சான்று கிடைத்திருக்கிறது.

ஆனால் சட்டம் தானாக நடக்காது. யாராவது பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டும், மாதிரி எடுக்கவேண்டும், புகார் கொடுக்கவேண்டும். பயனாளராகப் பதிவு செய்ய விண்ணப்பம், ஆவணம், அலைச்சல். பெரிய பேக்கரிக்கு இது ஒரு குமாஸ்தாவின் வேலை. வீட்டில் மாதம் இருபது பேபிங்கா செய்யும் பெண்ணுக்கு இது மலை. உணவுப் பாதுகாப்புப் பதிவும் தனியாக வேண்டும். முத்திரை போட்ட பெட்டி கடையிலும், மரபைக் கையில் வைத்திருப்பவர் முத்திரை இல்லாமல் வீட்டிலும் இருக்கும் நிலை வந்தால், காப்பாற்றியது பெயரை மட்டும்தான் என்றாகும். பால்கோவா, கடலை மிட்டாய் ஊர்களும் இதே கேள்வியை எதிர்கொண்டிருக்கின்றன. பேருந்து நிலையத்துக் கடைகளில் எல்லாப் பெட்டியும் அந்த ஊர்ப் பெயரைத்தான் சொல்கிறது.

வாங்குபவர் கையிலும் கொஞ்சம் இருக்கிறது

சட்டம் பார்க்காததை வாங்குபவர் ஓரளவு பார்க்கலாம். பெட்டியின் பின்புறம் உள்ள பொருள் பட்டியலில் அதிகம் சேர்ந்தது முதலில் வரவேண்டும் என்பது விதி. மைதா தலைமையில் நின்று, தேங்காய்ப் பாலும் மஞ்சள் கருவும் வால் பக்கம் போயிருந்தால் விஷயம் புரிந்துவிடும். நெய் என்று இருக்கிறதா, தாவரக் கொழுப்பு என்று இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. தயாரித்த தேதியும் செய்தவர் முகவரியும் அவசியம்.

சைவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. மரபான பேபிங்கா முட்டையில்லாமல் இல்லை. பெட்டியில் அசைவத்துக்கான பழுப்புக் குறி இருக்கும். இது தெரியாமல் வாங்கிவந்து பூஜை அறைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பிறகு சங்கடப்படுவதில் பயனில்லை. சில கடைகளில் முட்டை சேர்க்காததும் விற்கிறது. அதை வேறொரு பண்டமாக நினைத்து வாங்குவது நல்லது.

சாப்பிடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு தின்றால் நெய் உறைந்து மெழுகைக் கடித்தது போலிருக்கும். மெல்லிய துண்டாக வெட்டி லேசாகச் சூடாக்கினால் அடுக்குகள் உயிர்பெறும். ஒரு துண்டே போதும்.

எல்லாவற்றையும்விட எளிய வழி, வாங்குவதைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு விடாமல் இருப்பது. தங்கும் விடுதியிலோ வாடகை வண்டி ஓட்டுபவரிடமோ, அவர்கள் வீட்டுக் கிறிஸ்துமஸுக்குப் பேபிங்கா எங்கே வாங்குவார்கள் என்று முதல் நாளே கேட்டால் போதும். பெயர்ப் பலகை இல்லாத ஏதோ ஒரு வீட்டு வாசலைக் காட்டுவார்கள். இன்று சொன்னால் நாளைதான் கிடைக்கும். விலையும் விமான நிலையத்துக்குக் குறைவாக இருக்கும் என்று சொல்லமுடியாது.

நான்கு மணி நேரம் அடுப்பருகே நிற்க அடுத்த தலைமுறையில் எத்தனை பேர் முன்வருவார்கள் என்பது அந்த வாசலில் எத்தனை பேர் வந்து கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. படித்து வேலைக்குப் போகும் மகளிடம் 'நீயும் கற்றுக்கொள்' என்று சொல்ல ஒரு தாய்க்குக் காரணம் வேண்டும். கிறிஸ்துமஸ் வருடத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. பயணிகள் தினமும் வருகிறார்கள்.